நாற்பத்திரண்டு பேரின் கால்கள்

எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். முன்னுரையையும் பதிப்புரையையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் பதினெட்டு. எழுத்து கடுகளவு. பத்தி பிரிக்காமல் பதினொரு பக்கம் ஓடுகிற இடம்கூட உண்டு. ஏதோ ஒரு தூர நாடு விடுதலை பெற்ற கதையை அந்த நாட்டுக்காரர் எழுத, யாரோ தமிழாக்கி, சென்னையில் அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்து முடித்தே தீருவது என்று கண்டியில் எங்கள் வாசகர் வட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தது.

வட்டம் என்பது பெரிய சொல். தொடங்கியபோது பதின்மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் காலமானார்கள். மூன்று பேர் பிள்ளைகளோடு வெளிநாடு போனார்கள். நான்கு பேருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனது. மிச்சம் நால்வர். மாடிப்படி என்று நான் சொல்வது ஒரு ஹாட்வெயார் கடையின் பின்புறத்துப் படி; செங்குத்து, கைபிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடும். பல தடவை சொல்லியும் சரிசெய்யவில்லை. மேலே சீமெந்துத் தூசியும் பெயின்ட் மணமும் ஆணிப் பெட்டிகளும், நடுவில் ஐந்து பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றின் கால் வெடித்திருந்ததால் உண்மையில் நான்கு.

கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்போம். பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் வாசிக்கத் தொடங்கினாராம். அதன் பிறகு நிறுத்தவில்லை. அடுத்தவர் பேராதனையில் தமிழ் விரிவுரையாளராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அம்மையார். அவரை மெடம் என்போம். மூன்றாமவர் குண்டசாலையில் மகளோடு இருக்கும் ஓய்வுபெற்ற தாதி. வேலை செய்த நர்சிங் ஹோமில் அழைத்தபடியே இன்னும் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நான், நானாவுக்குச் சேர், மற்ற இருவருக்கும் மாஸ்டர், முப்பத்தாறு வருஷம் கணிதம் கற்பித்தவன். நாவல் படிக்க அது ஒரு தடை என்று நான் நினைத்ததில்லை.

புத்தகம் மெடத்தின் மகள் கொண்டுவந்து கொடுத்தது. ஒரே பிரதி. ஒருவர் முடிக்க நான்கு மாதம் என்று வைத்தால் நால்வருக்குப் பதினாறு மாதம். எங்கள் வயதில் பதினாறு மாதத்தை நம்பித் திட்டம் போட முடியாது. அதனால் நான் ஒரு வழி சொன்னேன். புத்தகத்தை நான்காக வெட்டுவோம். பாகத்துக்கு நூற்றெழுபத்தெட்டுப் பக்கம். மாதம் ஒரு பாகம் படித்து, நான்கு பேரும் ஒரே நாளில் மாற்றிக்கொள்வோம். நான்கே மாதத்தில் நால்வரும் முடித்துவிடலாம்.

"அப்ப மூண்டாம் பாகம் கிடைச்ச ஆள் நடுவிலை இருந்தோ தொடங்கிறது?" என்றார் மெடம்.

"இந்தக் கதையில காலம் முன்னுக்கும் பின்னுக்கும் போகுதாமே. நாமளும் போவோம்" என்றேன்.

நானா சிரித்தார். "புரியாணிய நாலாப் பிரிக்கலாம் சேர். கதையையுமா?"

ஆனாலும் கீழே போய்த் தரைவிரிப்பு வெட்டும் கத்தியை எடுத்துவந்தது அவர்தான். மெடம் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. "என்ரை புத்தகம். வெட்டிறதெண்டா நான்தான் வெட்டுவன்." கத்தியை முதுகோடு சேர்த்து இறக்கினார்.

"வயித்தைத் தொறக்கிற டொக்டர்மார்கூட இவ்வளவு தைரியமா வெட்டி நான் பாத்ததில்ல" என்றார் மிஸ்ஸி.

முந்நூற்றைம்பத்தாறாம் பக்கத்தில் மெடத்தின் கை நின்றது. "இது வசனத்துக்கு நடுவிலை நிக்குது, மாஸ்டர். அடுத்த அத்தியாயத்திலை வெட்டுவம்."

அடுத்த அத்தியாயம் ஏழு பக்கம் தள்ளியிருந்தது. அப்படி வெட்டினால் ஒருவருக்கு நூற்றெண்பத்தைந்தும் இன்னொருவருக்கு நூற்றெழுபத்தொன்றும் வரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வசனத்துக்கு நடுவிலேயே வெட்டினார்.

துண்டுச் சீட்டுக் குலுக்கினோம். முதற்பாகம் மெடத்துக்கு. இரண்டாவது மிஸ்ஸிக்கு. மூன்றாவது எனக்கு. நான்காவது நானாவுக்கு. "இனி முடிவு எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் என்னோட மரியாதையாப் பேசுங்க" என்றார் நானா.

ஒரு மாதம் கழித்துக் கூடி, அவரவர் படித்ததைச் சொன்னோம். முதற்பாகத்தில் ஒரு ஆறு, விடுதலை வருகிறது என்ற செய்தி கேட்டு, உள்ளே வர அனுமதி கேட்டு எல்லையிலேயே நிற்கிறதாம். "எழுத்து நல்ல எழுத்து. ஆனா ஒரு ஆத்தை நிப்பாட்ட அறுபது பக்கம் எடுத்திருக்கிறார்" என்றார் மெடம்.

எனக்கு இருந்தது வேறு கோபம். மூன்றாம் பாகத்தில் ஒரு மந்திரி வருகிறார். அவருக்கு ஓரிடத்தில் ஐந்து சகோதரர்கள், இன்னோரிடத்தில் ஏழு, பிறகு நான்கு. இடையில் யாரும் பிறக்கவில்லை, சாகவில்லை. நான் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன்.

"அது பிழை இல்லை, மாஸ்டர். உத்தி" என்றார் மெடம்.

"உத்தி தெரிஞ்சவருக்குக் கூட்டல் தெரிய வேணாமா?"

நானாவின் நான்காம் பாகத்தில் ஒரு ஊர் ஏரிக்கடியில் போய்விடுகிறது. அங்கே வாரச் சந்தை மட்டும் தொடர்ந்து நடக்கிறது. "இதில என்னத்த புதுமை ஈக்குது?" என்றார் அவர். நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய பழைய தெல்தெனியவில் பிறந்தவர். "எங்க வாப்பாட கடை இன்னும் தண்ணிக்குள்ளதான் ஈக்குது. மழை இல்லாத வருஷத்தில போனா செவரு தெரியும். அதையெல்லாம் நான் நம்புவேன். ஆனா சீமெந்து விசயம் பச்சப் பொய், சேர்."

அவர் சொன்ன சீமெந்து விசயம் இது. தலைநகரில் ஒரு புதிய சதுக்கம் கட்டுகிறார்கள். மேசன் மாலையில் மட்டமாகப் பூசிவிட்டுப் போகிறான். காலையில் வந்து பார்த்தால் வெறுங்கால் தடங்கள். அழித்து, அதே சீமெந்தையே மட்டமாக்குகிறான். மறுநாளும் தடங்கள். அதற்கு மறுநாளும்.

"மூணு நாளா எந்த சீமெந்து சேர் எறுகாமக் கெடக்கும்? எழுதினவனுக்கு சீமெந்தப் பத்தி ஒண்டும் தெரியா. பேய்க்கதை எழுதப் போய் மேசன்ட பேரக் கெடுத்து வெச்சிருக்கான்."

நாங்கள் சிரித்தோம். மிஸ்ஸி சிரிக்கவில்லை. அவருடைய முறை வந்தபோது, தாதிகள் அடுத்த முறைக்காரரிடம் நோயாளியை ஒப்படைக்கும் குரலில் சொன்னார். மலைச் சுரங்கத்தில் கல் உடைக்கும் நாற்பது குடும்பங்கள். அவர்களுடைய பாட்டன்மாரை முந்தைய ஆட்சிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள். கொடியேறிய இரவில் அந்தக் குடும்பங்களின் கால்கள் தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பிவிடுகின்றன. நிலம் தனக்குத் தெரிந்தவர்களைத்தான் தாங்கும் என்கிறார் அதிகாரி. இன்னும் மேலே போய்விடாமல் இருக்க அவர்கள் கணுக்காலில் கல்லைக் கட்டிக்கொள்கிறார்கள்.

"சாப்பிடுறப்ப, தூங்குறப்ப, புள்ள பெக்கிறப்பகூடக் காலுல கல்லு" என்றார். பிறகு, "நல்லா எழுதியிருக்கான்" என்று சொல்லிப் பாகத்தைப் பைக்குள் வைத்தார்.

மாற்றிக்கொள்ளும் நேரத்தில், தான் இன்னும் முடிக்கவில்லை என்றார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மாற்றினால் நான்கும் ஒன்றாக மாற வேண்டும் என்பது நான் போட்ட விதி. ஒரு பாகம் நின்றதால் எல்லாம் நின்றது. தொலைபேசியில் கேட்டால், "உடம்புக்கு ஒண்ணுமில்ல, மாஸ்டர்" என்பதோடு வைத்துவிட்டார். நான்கு பேர் மூன்று பேராவது ஒரு வட்டத்தின் முடிவு என்பது எனக்குத் தெரியும். பதின்மூன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறவன் நான். புறப்பட்டேன்.

குண்டசாலை பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. தூறல் முழுக்க என் மேல். வீட்டில் மிஸ்ஸி தனியாக இருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பால் விடாமல் இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

"என்னைப் பாக்க வந்தீங்களா மாஸ்டர், புத்தகத்தைப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டையும்."

"என்னைப் பாத்துட்டீங்க. புத்தகத்தைத் தர மாட்டேன்."

அது மேசைமேலேயே இருந்தது. செய்தித்தாளால் அட்டை போட்டு, முதுகில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"வசனத்துக்கு நடுவுல வெட்ட வெச்சீங்களே, என்னா செஞ்சீங்கன்னு பாருங்க. 'கிழக்கிலிருந்து காற்று எழுந்தது, காலில் கல்' அப்படின்னு நிக்கிது. காலில் கல்லு என்னா? இருந்துச்சா, அறுந்துச்சா? ஒரு மாசமா இந்த இடத்துலயே நிக்கிறேன். மிச்சம் உங்ககிட்டதானே இருக்கு, சொல்லுங்க."

எனக்கு மனப்பாடம். மூன்றாம் பாகத்தின் தலையில் தொங்கிய அரை வசனம் என்னையும் ஒரு மாதமாக எரிச்சல்படுத்தியிருந்தது. "கட்டியிருந்த நாற்பத்திரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள், மற்றவர்கள் கடலுக்கு மேலே புள்ளியாகி மறைந்தார்கள்."

மிஸ்ஸி பாகத்தை மூடினார்.

"எங்க அண்ணன் குடும்பம் போனப்ப ஒம்போது பேரு" என்றார். "கண்டி ஸ்டேசன்லதான் ஏத்திவிட்டோம். தலைமன்னார் வரைக்கும் ரயிலு, அங்கேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலு. அஞ்சாறு வருசம் காயிதம் வந்துச்சு. அப்புறம் இல்ல."

அதையெல்லாம் நான் அறிவேன். கண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேர அவர் எவ்வளவோ ஆசைப்பட்டார். பிரஜாவுரிமை இல்லாததால் தனியார் நர்சிங் ஹோம் ஒன்றில் முப்பது வருஷம் வேலை செய்தார். பிரஜாவுரிமை கேட்டு என் அப்பா போட்ட விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விழுந்தது. நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியன் ஆனேன். அவருடைய அப்பா போட்ட விண்ணப்பத்தில் விழவில்லை. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். சுதந்திரம் வந்த நாளில் எனக்கு ஆறு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பணிஸ் ரொட்டியும் ஒரு காகிதக் கொடியும் தந்தார்கள். பணிஸ் நன்றாக நினைவிருக்கிறது.

"போனவங்களை நான் கேக்கலை, மாஸ்டர்" என்றார் மிஸ்ஸி. "போனவங்க போயிட்டாங்க. மிஞ்சுன நாப்பத்திரண்டு பேரு காலு தரையில பட்டுச்சா? அதை மட்டும் சொல்லுங்க. பட்டுச்சின்னா மிச்சத்தைப் படிக்கிறேன். எழுதுனவன் அவங்களை மறந்துட்டான்னா, இந்தப் பாகம் என்கிட்டயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

மூன்றாம் பாகத்தில் அந்த வசனத்துக்குப் பிறகு அவர்கள் எங்குமே வரவில்லை. நான்காம் பாகத்தில் அப்படி யாருமே இல்லை என்று, மிஸ்ஸி வராத ஒரு ஞாயிறு நானா சொல்லியிருந்தார். அதை அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நானே சரிபார்க்காத விடையை நான் ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை.

"பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

மறுநாள் கடைக்குப் போய் நான்காம் பாகத்தைக் கேட்டேன். நானாவுக்கு மனவருத்தம். "அப்ப நான் படிச்சது பொய்யா, சேர்?"

"நீங்க படிச்சீங்க நானா. நான் எண்ணப் போறேன்."

முதல் தடவை படித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. விருந்துகள், ஊர்வலங்கள், சிலை திறப்புகள், ஏரிக்கடியில் சந்தை. இரண்டாம் தடவை 'மலை', 'சுரங்கம்', 'கல்' என்ற சொற்களை மட்டும் தேடினேன். கல் இருபத்துமூன்று இடத்தில் வந்தது. எல்லாம் மோதிரக்கல் அல்லது கல்லறைக்கல். கண் எரிந்தது. பூதக்கண்ணாடியின் பிடி வேறு கழன்றுவிட்டது. எழுதியவர்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு மந்திரிக்குச் சகோதரர்களை அள்ளிக் கொடுக்கத் தெரிந்தவருக்கு, அந்தரத்தில் விட்ட நாற்பத்திரண்டு பேரை இறக்கிவிடத் தெரியாதா? மூன்றாம் தடவை, சொற்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

அறுநூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றேன். நானாவின் சீமெந்து.

நானா மேசனைப் பற்றிச் சொன்னாரே தவிர, தடங்களைப் பற்றி முழுதாகச் சொல்லவில்லை. தடங்களின் அருகருகே வட்டமான குழிகள் இருந்தன, யாரோ கனமான எதையோ இறக்கிவைத்ததுபோல. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமென்று அதிகாரி வெறும் பாதங்களை எண்ணச் சொல்கிறார். எண்பத்து நான்கு. காவல் போடுகிறார்கள், காவலர்கள் யாரையும் காணவில்லை. நான்காம் நாள் மேசன் கரண்டியை எறிந்துவிட்டுப் போய்விடுகிறான். விடிந்தால் விழா. வேறு வழியில்லாமல் தடங்களின் மேல் சிவப்புக் கம்பளத்தை விரிக்கிறார்கள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

எண்பத்து நான்கை இரண்டால் வகுக்கப் பென்சில் தேவையில்லை. ஆனாலும் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இதை விளக்கியபோது நானா எழுந்தே விட்டார். "அல்லாஹ், அப்ப அது பேயில்லையா? தொங்கிட்டு ஈந்த ஆக்கள்தான் எறங்கி வந்திருக்காங்களா?" பிறகு உட்கார்ந்து யோசித்தார். "அப்பிடியெண்டா சீமெந்தும் சரிதான், சேர். ஆள் வந்து சேர்ற மட்டும் எறுகாம நிண்டிருக்கு."

மெடம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. "வகுத்தல் சரி, மாஸ்டர். ஆனா உந்த ஆசிரியருக்குக் கூட்டலே தெரியாதெண்டு சொன்னது நீங்கள்தானே. சகோதரர்மாரை ஐஞ்சு, ஏழு, நாலு எண்டு எழுதினவர் இந்த இடத்திலை மட்டும் கணக்காய் எழுதினவர் எண்டு என்னெண்டு நம்பிறது?"

"ரெண்டு எண்ணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது, மெடம்" என்று மட்டும் சொன்னேன். "நடுவுல இருநூற்று எண்பத்து நாலு பக்கம் இருக்கு. தற்செயலா அவ்வளவு தூரம் வராது."

"போய்ச் சொல்லுங்கோ. ஆனா சத்தியம் பண்ணிப்போடாதேங்கோ" என்றார். அவருடைய குரலில் பழைய பிடிவாதம் இல்லை.

அன்று மாலையே மூன்றாம் பாகத்தையும் நான்காம் பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு குண்டசாலைக்குப் போனேன். இந்த முறை ஜன்னல் மூடியிருந்தது, திறக்க முடியவில்லை. மிஸ்ஸி கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார். நான் உட்கார்ந்து, அறுநூற்று நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்து, கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்தேன்.

அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கம்பளத்தை அப்புறம் எடுத்தாங்களா?"

"எழுதலை."

"அழிச்சதா எழுதியிருக்கா?"

"இல்ல. புத்தகம் முடியிற வரைக்கும் பாத்துட்டேன்."

"அப்ப இருக்கு" என்றார்.

எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். இரண்டு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்திருந்தார். நான் அதில் கையை வைக்கும் முன்பே கேட்டார்.

"எத்தனைன்னு படிச்சீங்க?"

"எண்பத்து நாலு. நாப்பத்திரண்டு பேரு, ஆளுக்கு ரெண்டு."

"வராதே, மாஸ்டர்."

"என்ன வராதே?"

"சுரங்கத்துல ஒரு காலு போன கிழவன் ஒருத்தர் இருக்காரு. நீங்க இந்தப் பாகத்தைப் படிக்கலைல்ல? கல்லை மொத மொத கட்டிக்கிட்டது அவருதான். மத்தவங்களுக்குக் கட்டச் சொல்லிக் குடுத்ததும் அவருதான். அவருக்கு ஒத்தக் காலு. எண்பத்து மூணுதான் வரணும்."

ஊன்றுகோலாக இருக்கலாம் என்றேன்.

"வெறும் பாதத்தைத்தானே எண்ணுனாங்க? ஊனுகோலுக்கு வெரலு இருக்குமா?"

"கிழவன் காத்துல போயிருந்தா?"

"போயிருந்தா உங்க எண்பத்து நாலு சரிதான். ஆனா மொத ஆளாக் கல்லு கட்டுனவரு எப்படிப் போவாரு? அவரு போக மாட்டாரு. நான் நாலு தரம் படிச்சிட்டேன்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எவ்வளவோ சிரமப்பட்டுப் பிடித்த ஒரு விடை, ஒரு காலால் தட்டுப்பட்டு நின்றது. மெடம் சொன்னதுதான் சரியோ என்று அந்த நிமிஷம் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து மிஸ்ஸி சிரித்துவிட்டார். இந்தப் புத்தகத்தை வெட்டியதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ஏன் மாஸ்டர் முழிக்கிறீங்க? கிழவனுக்குக் காலு முளைச்சிருக்கும். தரையில பட்டா முளைக்காதா?"

"அப்படி எங்கயும் எழுதலை, மிஸ்ஸி."

"கம்பளத்தை எடுத்ததாகவுந்தான் எழுதலை."

மேசைமேலிருந்த இரண்டாம் பாகத்தை எடுத்து, அட்டையைத் தடவிச் சரிசெய்து, என் கையில் கொடுத்தார். என் பையிலிருந்து மற்ற இரண்டையும் அவரே எடுத்துக்கொண்டார். நான்கும் ஒன்றாக மாற வேண்டும், ஒருவருக்கு ஒரு பாகம்தான் என்று நான் தொடங்கினேன்.

"விதியை நீங்களே வெச்சிக்குங்க" என்றார். "ஞாயித்துக்கெழம வாறேன். நானாகிட்ட அந்தக் கைபிடியை மட்டும் சரிபண்ணச் சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில் வெளிச்சம் மங்கல். இருந்தாலும் தேடினேன். இருநூற்று மூன்றாம் பக்கத்தில் கிழவன் வருகிறான். இடது கால் மட்டும். முந்நூற்றிரண்டாம் பக்கத்தில் முதல் கல்லைக் கட்டிக்கொள்கிறான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. மிஸ்ஸி சொன்னது அத்தனையும் சரி. அச்சுப்பிழை என்று ஒதுக்கலாம், உத்தி என்று மெடத்தைப்போல விடலாம், கால் முளைத்தது என்று மிஸ்ஸியைப்போல நம்பலாம். மூன்றும் எனக்கு ஒத்துவரவில்லை. கிழவன் அந்தச் சுரங்கத்தில் வெகுகாலம் இருந்தவன் என்று எழுதியிருந்தது. அப்படியானால் முதற்பாகத்திலும் அவன் எங்காவது இருக்க வேண்டும். மெடத்தைத் தவிர நாங்கள் மூவரும் முதற்பாகத்தை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கண்டியில் இறங்கியபோது என் வீட்டுப் பக்கம் போகும் கட்டுகஸ்தோட்டை பஸ் காலியாக நின்றது. நான் எதிர்ப்பக்கம் நடந்து, மெடத்தின் வீடு இருக்கும் பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அந்தக் கிழவன் எத்தனை காலோடு கதைக்குள் வந்தான் என்று மெடத்தின் பாகத்தைப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போவதாக இல்லை. இருக்கை ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.